கேஷிங் ப்ராக்ஸிக்கு டிஸ்க் அமைப்பது: தொடக்க நிலையினருக்கு ஒரு விளக்கம்

கோவை, திருப்பூர், ஈரோடு, திருச்செங்கோடு வட்டாரத்துக் கல்லூரிகளிலும் ஏற்றுமதி அலுவலகங்களிலும் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்பவர்களிடம் "ப்ராக்ஸி மெதுவாக இருக்கிறது" என்று சொன்னால், பெரும்பாலும் "இன்னொரு டிஸ்க் போட்டுவிடலாம்" என்ற பதில்தான் வரும். சிலர் இருக்கிற டிஸ்க்குகளை ரெய்டு ஆக்க, அதாவது ஒன்றாகச் சேர்த்துக் கட்டச் சொல்வார்கள். வேறு சிலர் கேஷ் அளவை ஒரு டெராபைட்டுக்கு உயர்த்தச் சொல்வார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த யோசனைகளில் பாதிக்கு மேல் ப்ராக்ஸியை இன்னும் மெதுவாக்கக்கூடியவை. ஒரு கேஷிங் ப்ராக்ஸி, அதாவது இணையத்திலிருந்து வாங்கியதன் பிரதியை வைத்துக்கொண்டு அடுத்தவருக்குத் தரும் கணினி, டிஸ்க்கைப் பயன்படுத்தும் விதமும், ஒரு ஃபைல் சர்வர் டிஸ்க்கைப் பயன்படுத்தும் விதமும் முற்றிலும் வேறு என்பது தெளிவாகப் பேசப்படாததே இதற்குக் காரணம். அந்த வேறுபாட்டை இங்கே அடியிலிருந்து விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டுகளுக்கு ஸ்க்விட் என்ற திறமூல மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். 1996 முதல் வெளிவந்துகொண்டிருக்கும் அதன் அமைப்பு முறைகள் தெளிவாக ஆவணப்படுத்தப்பட்டிருக்கின்றன. மற்ற கேஷ் மென்பொருள்களுக்கும் இங்கே சொல்லப்படும் அடிப்படை பொருந்தும்.

ப்ராக்ஸி செய்யும் வேலை

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குப் பட்டன், ஜிப், எலாஸ்டிக், லேபிள், தையல் நூல் விற்கும் ஒரு கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் ரேக்கில் அன்றாடம் போகிற சரக்கு இருக்கும். அடுத்த தெருவில் குடோன் இருக்கும். எந்தச் சரக்கு குடோனில் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைக் கல்லாவில் உள்ள நோட்டு சொல்லும். இரண்டு இடத்திலும் இல்லாத சரக்கென்றால் மும்பையிலிருந்து வரவழைக்க வேண்டும். வரும்போது, அடுத்தவர் கேட்டால் கொடுக்கட்டும் என்று கொஞ்சம் கூடுதலாக வாங்கிக் குடோனில் போட்டுவைப்பார்கள்.

ப்ராக்ஸி சர்வர் என்பது, அலுவலகத்துக் கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று, கேட்பதை வாங்கித் தரும் கணினி. வாங்கித் தந்ததில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்கும்போது அதையே எடுத்துக் கொடுத்தால் அது கேஷிங் ப்ராக்ஸி. கடை ரேக்கின் இடத்தில் இங்கே ரேம் இருக்கிறது. குடோனின் இடத்தில் டிஸ்க். மும்பையின் இடத்தில் இணையம். கேட்டது கையில் இருந்தால் அது ஹிட், இல்லாமல் இணையத்துக்குப் போக வேண்டியிருந்தால் அது மிஸ். கேட்கப்படும் ஒவ்வொரு படத்தையும், பக்கத்தையும், ஃபைலையும் பொதுவாக ஆப்ஜெக்ட் என்பார்கள்.

இந்தக் கடையில் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. அங்கே கேட்கப்படுபவை பெரும்பாலும் சின்னச் சின்னப் பொட்டலங்கள். குடோன் எத்தனை ஆயிரம் சதுர அடி என்பதை விட, ஒரு நாளில் எத்தனை முறை குடோனுக்குப் போய்வர முடியும் என்பதுதான் வியாபாரத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும்.

டிஸ்க் எங்கே திணறுகிறது

நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் சாதாரண ஹார்டு டிஸ்க்கை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். தேவையான இடம், தட்டிலிருந்து படிக்கும் முனையான ஹெட்டுக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதாவது 4 மில்லி செகண்டுக்குச் சற்று மேல். அதற்கு முன் ஹெட்டைச் சரியான தடத்துக்கு நகர்த்த இன்னொரு 8 அல்லது 9 மில்லி செகண்ட் ஆகும். ஆக, டிஸ்க்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை எடுக்கும்போது ஒவ்வொரு முறைக்கும் 12, 13 மில்லி செகண்ட் போய்விடுகிறது. நொடிக்கு ஏறத்தாழ 80 முறை மட்டுமே இப்படி எடுக்க முடியும்.

ஸ்க்விட் தன் உள் கணக்குகளுக்கு ஓர் ஆப்ஜெக்டின் சராசரி அளவை 13 கேபி என்று எடுத்துக்கொள்கிறது. நொடிக்கு 80 முறை, முறைக்கு 13 கேபி என்றால் நொடிக்கு ஏறத்தாழ ஒரு எம்பி. அதே டிஸ்க் ஒரே பெரிய ஃபைலைத் தொடர்ச்சியாகப் படித்தால் நொடிக்கு 150 எம்பி சாதாரணமாகத் தரும். விளம்பரத்தில் அச்சிடப்படுவது இந்த இரண்டாவது எண். ப்ராக்ஸிக்குக் கிடைப்பது முதல் எண். கேஷ் டிஸ்க் பற்றிய தவறான புரிதல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு எண்களையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

லினக்ஸில் ஐஓஸ்டாட் என்ற கட்டளையைக் கூடுதல் விவரத்தோடு ஓடவிட்டால் இதைக் கண்ணால் பார்க்கலாம். திணறிக்கொண்டிருக்கும் கேஷ் டிஸ்க்கில், நொடிக்கு எழுதப்படும் அளவு ஓரிரண்டு எம்பிதான் இருக்கும். அதைப் பார்த்து "டிஸ்க் சும்மாதானே இருக்கிறது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதே வரியில் வலது ஓரத்தில் இருக்கும் யூட்டில் என்ற பத்தி 100 சதவீதத்தைத் தொட்டிருக்கும். அவெயிட் என்ற பத்திகள், ஒவ்வொரு கோரிக்கையும் வரிசையில் நின்று முடிய எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்பதைச் சொல்லும். அது நூறைத் தாண்டினால், அந்த டிஸ்க்கிலிருந்து கிடைக்கும் ஹிட் பல நேரங்களில் இணையத்திலிருந்தே வாங்குவதை விடத் தாமதமாக வந்து சேரும்.

எஸ்எஸ்டி என்ற, சிப்களால் ஆன டிஸ்க்கில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் ஹெட்டும் இல்லை. சிதறிய சிறு கோரிக்கைகளை நொடிக்குப் பல ஆயிரக்கணக்கில் அது முடித்துத் தரும். ஆகவே இன்று புதிதாக ஒரு கேஷிங் ப்ராக்ஸி அமைப்பவருக்கு நான் தயங்காமல் சொல்வது, பெரிய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகச் சிறிய எஸ்எஸ்டி வாங்குங்கள் என்பதே. கேஷில் எழுதுவதும் அழிப்பதும் ஓயாது நடப்பதால், வாங்கும் எஸ்எஸ்டியின் எழுதும் ஆயுள் எவ்வளவு என்பதை மட்டும் அதன் விவரத் தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை பார்த்தது: ப்ராக்ஸிக்கு முக்கியம் டிஸ்க்கின் கொள்ளளவு அல்ல, அது நொடிக்கு எத்தனை சிறு கோரிக்கைகளை முடிக்கிறது என்பது. ஹார்டு டிஸ்க்குக்கு அந்த எண் மிகக் குறைவு.

டிஸ்க் கூடினால் ரேமும் கூட வேண்டும்

கடை நோட்டை இப்போது நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். குடோனில் உள்ள ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நோட்டில் ஒரு வரி இருந்தாக வேண்டும். ஸ்க்விட் இந்த நோட்டை, அதாவது இன்டெக்ஸை, முழுவதுமாக ரேமில் வைத்திருக்கிறது. 64 பிட் கணினியில், டிஸ்க் கேஷின் ஒவ்வொரு ஜிபிக்கும் ஏறத்தாழ 14 எம்பி ரேம் இதற்குச் செலவாகும் என்பது ஸ்க்விட் ஆவணங்கள் தரும் தோராயக் கணக்கு. 100 ஜிபி கேஷுக்கு 1.4 ஜிபி ரேம். 1 டெராபைட் கேஷுக்கு 14 ஜிபி.

8 ஜிபி ரேம் உள்ள ஒரு கணினியில் 1 டெராபைட் டிஸ்க்கைப் போட்டு, முழுவதையும் கேஷுக்கு ஒதுக்கினால் நடப்பது இதுதான். முதல் சில வாரங்கள் டிஸ்க் நிரம்பாததால் நோட்டும் சிறிதாக இருக்கும். எல்லாம் நன்றாக ஓடும். அமைத்தவருக்குப் பாராட்டும் கிடைக்கும். டிஸ்க் நிரம்ப நிரம்ப நோட்டு வளர்ந்து, ரேம் போதாமல், ஆப்பரேட்டிங் சிஸ்டம் அதன் பக்கங்களை ஸ்வாப்புக்குத் தள்ளத் தொடங்கும். ஸ்வாப் என்பது ரேமுக்குப் பதிலாக டிஸ்க்கில் ஒதுக்கப்பட்ட இடம். இப்போது ஓர் ஆப்ஜெக்ட் கையில் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதற்கே டிஸ்க்குக்குப் போக வேண்டியதாகிறது. மிஸ் ஆகும் கோரிக்கைகளும் இதில் மாட்டிக்கொள்ளும். எதையும் மாற்றாமலே சில வாரங்கள் கழித்து ப்ராக்ஸி படுத்துவிட்டது என்று யாராவது சொன்னால், நான் முதலில் பார்க்கச் சொல்வது விஎம்ஸ்டாட் கட்டளையில் ஸ்வாப்பைக் காட்டும் இரண்டு பத்திகளைத்தான். அவை தொடர்ந்து பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் கேஷ் அளவைக் குறைக்க வேண்டும்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்று கேஷ்_மெம் என்ற அமைப்பு. இது ரேமில் வைத்துக்கொள்ளும் ஆப்ஜெக்ட்களுக்கான அளவு மட்டுமே. கடை ரேக்கின் அளவு என்று கொள்ளலாம். ஸ்க்விட் மொத்தமாக எடுத்துக்கொள்ளும் ரேமுக்கு இது வரம்பு அல்ல. நோட்டு தனி, அந்த நேரத்தில் நடந்துகொண்டிருக்கும் இணைப்புகளுக்கான இடம் தனி. போதாக்குறைக்கு, லினக்ஸ் தானும் டிஸ்க்கிலிருந்து படித்தவற்றைக் காலி ரேமில் வைத்துக்கொண்டு உதவுகிறது. அதற்கும் இடம் விட வேண்டும். 8 ஜிபி கணினியில் கேஷ்_மெம் 2 ஜிபி, டிஸ்க் கேஷ் 100 ஜிபி, அதன் நோட்டுக்கு 1.4 ஜிபி என்று வைத்து, மீதத்தைச் சிஸ்டத்துக்கு விட்டுவிடுவது நிதானமான தொடக்கம். கேஷ்_மெம் அளவை 7 ஜிபி என்று எழுதுவது கேடு.

யார் குடோனுக்குப் போவது

ஸ்க்விட்டின் முதன்மைப் ப்ராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் அதன் முக்கிய நிரல், ஒற்றை ஆளாக நின்று எல்லா இணைப்புகளையும் மாறி மாறிக் கவனிக்கிறது. டிஸ்க்கில் சேமிக்க அதற்குப் பல முறைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஸ்டோர் வகை எனப்படும். யுஎஃப்எஸ் என்ற பழைய வகையில், டிஸ்க்கில் படிக்கவோ எழுதவோ நேரும்போது முதன்மைப் ப்ராசஸே அந்த வேலை முடியும் வரை நிற்கிறது. முதலாளியே கல்லாவை விட்டுக் குடோனுக்குப் போனால் கடையில் நிற்கும் அத்தனை பேரும் காத்திருப்பது போலத்தான். ஒரு கோரிக்கையின் 13 மில்லி செகண்ட், அந்த நேரத்தில் இணைந்திருக்கும் எல்லோருடைய 13 மில்லி செகண்டாகிறது.

ஏயுஎஃப்எஸ் வகையில் இந்த வேலை தனித் த்ரெட்களிடம், அதாவது பக்கத்தில் ஓடும் துணை வேலையாட்களிடம், ஒப்படைக்கப்படுகிறது. முதன்மைப் ப்ராசஸ் கல்லாவை விட்டு நகர்வதில்லை. டிஸ்க்கில் ஃபைல்கள் இருக்கும் வடிவம் இரண்டுக்கும் ஒன்றே என்பதால், ஏற்கெனவே யுஎஃப்எஸ் வைத்திருப்பவர்கள் ஸ்க்விட்.கான்ஃப் என்ற அமைப்பு ஃபைலில், டிஸ்க் கேஷின் இடத்தையும் அளவையும் சொல்லும் கேஷ்_டைர் வரியில், அந்த ஒரு சொல்லை மாற்றினால் போதும். நான் அறிந்த வரையில் இதை விடக் குறைந்த உழைப்பில் இதை விட அதிகப் பலன் தரும் மாற்றம் வேறு இல்லை.

இவ்விரண்டிலும் ஒவ்வோர் ஆப்ஜெக்டும் தனி ஃபைல். 10 ஜிபி கேஷ் என்றாலே 13 கேபி கணக்கில் எட்டு லட்சம் ஃபைல்கள் வரும். அவற்றை ஒரே டைரக்டரியில் கொட்டாமல் 16 டைரக்டரிகள், ஒவ்வொன்றின் உள்ளேயும் 256 என மொத்தம் 4,096 டைரக்டரிகளில் பிரித்து வைப்பது ஆவணங்களில் காணும் வழக்கமான அமைப்பு. கேஷ்_டைர் வரியின் கடைசியில் வரும் 16, 256 என்ற எண்கள் இவைதான். ராக் என்ற புதிய வகை, எல்லா ஆப்ஜெக்ட்களையும் ஒரே பெரிய ஃபைலுக்குள் கட்டம் கட்டமாக வைக்கிறது. ஃபைலைத் திறப்பது, உருவாக்குவது, அழிப்பது ஆகிய செலவுகள் மிச்சமாவதால் சிறு ஆப்ஜெக்ட்களுக்கு இது பொருத்தம். ஸ்க்விட்டைப் பல ப்ராசஸ்களாகப் பிரித்து ஓட்டுபவர்கள் டிஸ்க் கேஷை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ள ராக் வகையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ரெய்டு வேண்டுமா

ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாகக் காட்டும் ஏற்பாடு. அதில் ஐந்தாம் வகை, ஒரு டிஸ்க் போனாலும் தரவு போகாமல் காக்கும். அந்தக் காப்புக்கு ஒரு விலை உண்டு: ஒரு சிறு தகவலை எழுத, பழைய தகவலைப் படித்து, பழைய சரிபார்ப்புத் தகவலைப் படித்து, இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். ஒரு வேலை நான்கு வேலையாகிறது. நொடிக்கு 80 என்று ஏற்கெனவே இறுக்கமாக இருக்கும் கணக்கில் இது பெரும் சுமை.

அந்த விலையைக் கொடுத்து எதைக் காக்கிறோம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கேஷில் இருப்பது எல்லாம் பிரதி. மூலம் இணையத்தில் இருக்கிறது. டிஸ்க் எரிந்துபோனால் சில நாட்கள் ஹிட் குறையும், அவ்வளவுதான். கல்லூரியின் மதிப்பெண் பட்டியலுக்கும் கம்பெனியின் கணக்குக்கும் தரும் பாதுகாப்பை இதற்குத் தரத் தேவையில்லை. இரண்டு ஹார்டு டிஸ்க் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேஷ்_டைர் வரி எழுதி, ஸ்க்விட்டையே பங்கிட்டுக்கொள்ள விடுவது நல்லது. ஒரே ஹார்டு டிஸ்க்கில் இரண்டு கேஷ்_டைர் எழுதுவது இதற்கு நேர்மாறான தவறு; ஒரே ஹெட் இரண்டு இடத்துக்கும் ஓட வேண்டியதாகும். ஆப்பரேட்டிங் சிஸ்டமும் பதிவுகளும் இருக்கும் டிஸ்க்கை வேண்டுமானால் மிர்ரர் செய்து, அதாவது இன்னொரு டிஸ்க்கில் அப்படியே நகல் வைத்து, வையுங்கள், அதில் தவறில்லை.

சில சிறு அமைப்புகள்

டிஸ்க்கின் மொத்த அளவை அப்படியே கேஷ்_டைர் வரியில் எழுதக் கூடாது. 20 சதவீதம் கழித்து எழுத வேண்டும் என்று ஸ்க்விட்டே சொல்கிறது. ஃபைல் சிஸ்டத்தின் சொந்தக் கணக்குகளுக்கும், பழையதை அழிப்பதற்குள் புதியது வந்து சேர்வதற்கும் அந்த இடம் வேண்டும். யார் எதைக் கேட்டார் என்று பதியும் அக்சஸ் லாக்கை வேறு டிஸ்க்கில் வைப்பது நல்லது. ஃபைலைப் படித்த நேரத்தை ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ளும் வழக்கத்தை நோஏடைம் என்ற மவுண்ட் விருப்பம் நிறுத்தும். 2009க்குப் பிந்தைய லினக்ஸ் கெர்னல்கள் தாமாகவே இந்தச் செலவைப் பெருமளவு குறைத்துவிட்டதால், இன்று இதனால் பெரிய மாற்றம் வராது என்றாலும் போட்டு வைப்பதில் கெடுதல் இல்லை. ஃபைல் சிஸ்டத்துக்கு எக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் இரண்டில் எதுவும் போதும். பழைய குறிப்புகள் பலவற்றில் ரைசர்எஃப்எஸ் பரிந்துரைக்கப்பட்டிருக்கும். அது லினக்ஸ் கெர்னலிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது.

எதைச் சேமிக்க முடியும், எதைச் சேமிக்க முடியாது

இன்றைய இணையப் பக்கங்களில் பெரும்பான்மை ஹெச்டிடிபிஎஸ் வழியாக, அதாவது பூட்டிய உறைக்குள், வருகின்றன. ப்ராக்ஸி அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே கடத்திவிடுகிறது. உள்ளே இருப்பது தெரியாததால் சேமிக்கவும் முடியாது. உறையைப் பிரிக்க வழிகள் இருந்தாலும், மாணவர்களின் வங்கிக் கணக்கும் கடிதங்களும் அதே வழியில் போவதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆகவே "ப்ராக்ஸி வைத்தால் எல்லாம் வேகமாகும்" என்ற பழைய நம்பிக்கையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கேஷ் இன்றும் நன்றாகப் பலன் தரும் இடம் கல்லூரி லேப். டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளின் பேக்கேஜ்கள், அதாவது மென்பொருள் பொதிகள், வழக்கமாகச் சாதாரண ஹெச்டிடிபி வழியாகவே வருகின்றன. ஒவ்வொரு பேக்கேஜின் நம்பகத்தன்மையும் டிஜிட்டல் கையொப்பமிட்ட பட்டியலைக் கொண்டு தனியே சரிபார்க்கப்படுவதால் இதில் ஆபத்து இல்லை. அறுபது கணினிகள் ஒரே அப்டேட்டை வாங்கும்போது ஒன்றுக்கு மட்டும் இணையத்திலிருந்து வந்து, மற்ற ஐம்பத்தொன்பதுக்கும் லேபுக்குள்ளிருந்தே போக வேண்டும்.

நடைமுறையில் பல லேப்களில் அப்படி நடப்பதில்லை. ஸ்க்விட் தானாக வைத்திருக்கும் அமைப்பில் 4 எம்பிக்கு மேற்பட்ட ஆப்ஜெக்ட்களை டிஸ்க்கில் வைப்பதில்லை. லினக்ஸ் ஃபர்ம்வேர் பேக்கேஜ் ஒன்றே 100 எம்பியைத் தாண்டும். எதற்காக ப்ராக்ஸி வைத்தோமோ அந்தப் பெரிய ஃபைல்கள் மட்டும் அறுபது முறையும் இணையத்திலிருந்து வரும். நூறு ஜிபி டிஸ்க் பக்கத்திலேயே சும்மா கிடக்கும். மேக்ஸிமம்_ஆப்ஜெக்ட்_சைஸ் என்ற வரியில் இந்த எல்லையை, தேவைக்கேற்ப 512 எம்பி அல்லது 1 ஜிபி என உயர்த்த வேண்டும். அந்த வரி ஸ்க்விட்.கான்ஃப் ஃபைலில் கேஷ்_டைர் வரிக்கு மேலே இருக்க வேண்டும். கீழே எழுதினால் அந்த டிஸ்க்குக்குப் பொருந்தாமல் போகலாம். மாற்றியும் பலன் இல்லை என்று கைவிட்டவர்கள் இந்த வரிசையை ஒரு முறை பார்க்க வேண்டும்.

இடம் நிரம்பும்போது எதை வெளியேற்றுவது என்பதை ரீப்ளேஸ்மென்ட் பாலிசி தீர்மானிக்கிறது. நெடுநாள் தொடாததை வெளியேற்றுவது இயல்பான முறை. ஜிடிஎஸ்எஃப் என்ற முறை சிறு ஆப்ஜெக்ட்களைத் தக்கவைத்து ஹிட்டின் எண்ணிக்கையைக் கூட்டும். எல்எஃப்யுடிஏ என்ற முறை, அளவு பெரிதானாலும் அடிக்கடி கேட்கப்படுவதைத் தக்கவைத்து, இணையத்திலிருந்து வரும் மொத்த அளவைக் குறைக்கும். மேலே சொன்ன லேபுக்கு எல்எஃப்யுடிஏ பொருந்தும்.

சுருக்கமாக: லேப் கேஷின் பலன் பெரிய பேக்கேஜ்களில் இருக்கிறது, அவற்றை அனுமதிக்கும்படி எல்லையை உயர்த்தி, அவற்றைத் தக்கவைக்கும் பாலிசியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கரண்ட் போனால்

ரேமில் உள்ள நோட்டின் நகலை ஸ்வாப்.ஸ்டேட் என்ற ஃபைலில் ஸ்க்விட் எழுதிக்கொண்டே வருகிறது. முறையாக நிறுத்தினால், அடுத்த முறை அந்த ஃபைலைப் படித்து விரைவில் தயாராகிவிடும். திடீரென்று மின்சாரம் போய் நின்றால், நகலை நம்பாமல் சரிபார்த்துக்கொண்டே நோட்டைக் கட்ட வேண்டியிருப்பதால் அந்த வேலை நீளும், ஸ்வாப்.ஸ்டேட் ஃபைலே தொலைந்துபோனால் லட்சக்கணக்கான ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். அது முடியும் வரை ஹிட் குறைவாகவும் டிஸ்க் சுமை உச்சத்திலும் இருக்கும். ப்ராக்ஸிக்கு யுபிஎஸ் இணைப்புக் கொடுத்திருப்பதோடு, பேட்டரி குறையும்போது ஸ்க்விட்டை ஒழுங்காக நிறுத்தும் ஏற்பாட்டையும் செய்து வைக்க வேண்டும். இரண்டாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

அளந்து முடிவெடுப்பது

ஸ்க்விட்டின் கேஷ் மேனேஜரில் இன்ஃபோ என்ற அறிக்கை இருக்கிறது. அதில் கோரிக்கைகளை முடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தின் இடைநிலை மதிப்பு, கடைசி 5 நிமிடத்துக்கும் 60 நிமிடத்துக்கும், கேஷ் ஹிட், கேஷ் மிஸ் எனத் தனித்தனி வரிகளில் காட்டப்படும். கல்லூரியில் லேப் நேரம் உச்சத்தில் இருக்கும்போது இந்த இரண்டு வரிகளைப் பாருங்கள். ஹிட்டின் நேரம் மிஸ்ஸின் நேரத்தில் சிறு பங்காக இருந்தால் டிஸ்க் தன் வேலையைச் செய்கிறது. இரண்டும் நெருங்கிவிட்டால் டிஸ்க் உதவவில்லை.

அப்படி நெருங்கியிருந்தால், செலவு செய்வதற்கு முன் கேஷ்_டைர் வரியின் முன்னால் ஒரு # குறியிட்டு, டிஸ்க் கேஷே இல்லாமல் ரேமை மட்டும் வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஸ்க்விட்டின் புதிய பதிப்புகள் நிறுவியவுடன் இயங்குவதே இப்படித்தான். டிஸ்க் கேஷ் இல்லாமல், கேஷ்_மெம் 256 எம்பியோடு. சிறு அலுவலகங்களில் அந்த 256ஐ 2 ஜிபி ஆக்கினாலே போதும் என்று தெரியவரலாம். அந்த வாரத்தில் இணையத்திலிருந்து வந்த மொத்த அளவு கண்ணுக்குத் தெரியும்படி கூடினால் மட்டும் டிஸ்க் கேஷைத் திரும்பக் கொண்டுவாருங்கள்: எஸ்எஸ்டியில், ஏயுஎஃப்எஸ் அல்லது ராக் வகையில், ரேம் தாங்கும் அளவுக்கு மட்டும்.